காவலன் வைத்த பந்தி

கோவில்பட்டியில் யாரும் அசதி என்று சொல்லி எட்டு வருடங்கள் ஆகின்றன. கல்யாண வீட்டில் பெண்கள் நகையைப் பார்ப்பதற்கு முன் எதிரில் நிற்பவளின் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். அங்கே பச்சையாக ஓர் எண் ஒளிரும். நூறு என்றால் இரத்தத்தில் இரும்பு சரியாக இருக்கிறது. குறைந்தால், மேற்கையில் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் கிடக்கும் அயக்காவலன் என்ற கருவி உடனே ஒரு சொட்டு இரும்பைக் கலந்துவிடும்.

அதை உருவாக்கியவள் செண்பகவல்லி. அதில் அணைக்கும் பொத்தானே கிடையாது. பள்ளியில் வாரந்தோறும் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிவைத்து மதிலுக்கு அப்பால் துப்பிய கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நம் சனத்தின் கையில் பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை. இரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டே போனது. மணிக்கட்டில் மட்டும் நூறு, அசையாமல்.

மருத்துவர் ஷமீமா கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினாள். ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள இரும்பைத் தானே அளந்துகொள்கிறது. குறைந்தால் கூடுதல் வாசல்களைத் திறக்கும். நிறைந்தால் வாசலை மூடி, மிச்சத்தைக் கிடங்கில் பூட்டும். கிருமி நுழைந்துவிட்டாலோ கல்லீரல் தாக்கீது அனுப்பும், உடம்பு இரத்தத்திலுள்ள இரும்பை உள்ளே ஒளித்துவைக்கும். இரும்பு கிடைக்காத கிருமி பெருக முடியாது.

"உங்க உடம்பு கிருமியப் பட்டினி போடுது மேடம். உங்க காவலன் அதுக்குப் பந்தி வைக்குது."

நூறு காட்டுகிறதே என்று முனகினாள் செண்பகவல்லி. பிறகுதான் உறைத்தது. உடம்பு ஒளித்துவைத்ததைக் குறை என்று நினைத்து, அவளுடைய கருவி திரும்பத் திரும்ப நிரப்பியிருக்கிறது. எட்டு வருடப் பெருமையை விட மனமில்லை. சாகவும் பயமாக இருந்தது.

"அறுத்து எடுத்துருங்க டாக்டர். காய்ச்சல்னா எடுத்துரணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிருங்க."

எடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ரசஞ்சோறு அவ்வளவு ருசியாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

புதிய காவலனை மனநிறைவோடு செய்து, பழசுக்குப் பதிலாக ஊருக்கெல்லாம் பொருத்தினாள். இது செல்லின் வாசலைப் பார்க்கும். கல்லீரலின் தாக்கீதுக்கும் காது கொடுக்கும். கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். எல்லாருடைய கிடங்கும் எட்டு வருடமாக நிரம்பிக் கிடந்ததால், மாதக்கணக்கில் ஒரு செல்லும் கேட்கவில்லை. காய்ச்சலில் படுத்தவர்களும் சீக்கிரம் எழுந்தார்கள்.

ஆனால் புகார்கள் குவிந்தன. நாத்தனார் கோமதி நேரிலேயே வந்துவிட்டாள்.

"மதினி, இது சும்மால்லா கெடக்கு. பழசு இருந்தப்ப என்ன தெம்பா இருந்தேன். இப்ப எந்திரிக்கவே முடியல."

செண்பகவல்லி அரைமணி நேரம் வாசலையும் கிடங்கையும் விளக்கினாள். கோமதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழசே வேண்டும் என்றாள்.

அடுத்த மாதம் வந்த காவலனில், தோலுக்கு மேலே தெரியும்படி ஒரு குட்டி விளக்கு இருந்தது. மணிக்கொரு தரம் மினுக்கும். அது எதனோடும் இணைக்கப்படவில்லை. அதன்பின் புகார் ஒன்றுகூட வரவில்லை. கோமதி மாடியேறி வடகம் காயவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு பிற்பகலில், ஆய்வுக்கூடத்தில் செண்பகவல்லிக்குக் கண்ணைச் சொருகியது. மேசையில் தலைசாய்க்கப் போனபோது அவளுடைய மேற்கையிலும் பொருத்தியிருந்த காவலனின் விளக்கு மினுக்கியது. சட்டென்று உடம்பில் தெம்பு ஏறியது. எழுந்து வேலையைத் தொடர்ந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த மினுக்கலுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.