லிப்டுக்குள் ஒரு வாய்ப்பாடு

“பதின்மூண்டெட்டு எவ்வளவு?”

நாகேந்திரம் சேர் கேட்டால் போதும், றுஷ்னாவுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். வீட்டில் மடமடவென்று சொல்வாள். டியூஷன் வகுப்பில் அவர் குரல் உயர்ந்ததும் தலைக்குள் ஒன்றுமே இருக்காது.

“நித்திரையே பிள்ளை?” என்று மேசையில் தட்டுவார். மிச்சமும் மறந்துவிடும்.

சேரின் வீடும் வெள்ளவத்தையில் அவள் இருக்கும் மாடிக் கட்டடத்தில்தான். அவள் முதலாம் மாடி, அவர் ஏழாம் மாடி.

அது நோன்பு மாதம். பின்னேரம் உம்மா மூடி போட்ட பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி கொடுத்தார்.

“ஏழாம் மாடி சேருக்குக் குடுத்துட்டு வா மகள்.”

லிப்ட் கதவு திறந்தது. உள்ளே சேரே நின்றார். எப்போதும் படியேறிப் போகிறவர்.

“இண்டைக்கு முழங்கால் நோகுது,” என்றார், யாரும் கேட்காமலே.

நாலாம் மாடி தாண்டியதும் லிப்ட் குலுங்கி நின்றது. ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. றுஷ்னா மணியை அழுத்தினாள்.

“கரண்ட் போயிட்டு, பத்து நிமிஷம் பொறுங்க,” என்று கீழேயிருந்து காவல்காரர் ரொனி கத்தினார்.

சேர் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“மூச்சு முட்டுது பிள்ளை. கதவைத் திறக்கச் சொல்லு.”

“தொறப்பாங்க சேர்.”

றுஷ்னா யோசித்தாள். பயம் உள்ளே வந்தால் வாய்ப்பாடு ஓடிவிடுகிறது. அப்படியென்றால் வாய்ப்பாட்டை உள்ளே விட்டால் பயம் ஓடாதா?

“சேர், பதின்மூண்டெட்டு எவ்வளவு?”

“என்ன? ஞாபகம் வருகுதில்லை.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் ஒன்றுமே இல்லாமல் போனால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“பரவாயில்ல சேர். ஈரெட்டு?”

“பதினாறு.”

“நாலெட்டு?”

“முப்பத்திரண்டு.”

“எட்டெட்டு?”

“அறுபத்து நாலு.” குரல் கொஞ்சம் நேரானது.

“இப்ப நூறிலயிருந்து ஏழு ஏழாக் கழிங்க.”

“தொண்ணூற்று மூண்டு. எண்பத்தாறு.” கண்ணை மூடி யோசித்தார். “எழுபத்தொன்பது.”

“அடுத்தது எழுபத்து மூணு,” என்றாள் றுஷ்னா.

“பிழை. எழுபத்திரண்டு. கவனமாச் செய் பிள்ளை.”

சேர் பழையபடி ஆகிக்கொண்டிருந்தார். நாற்பத்து நாலுக்கு வந்தபோது சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். சரி பார்ப்பதிலேயே இருந்ததால் றுஷ்னாவுக்கும் பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

“பதினாறு,” என்றபோது கரண்ட் வந்தது. ஏழாம் மாடியில் கதவு திறந்தது.

“வாங்க சேர்.”

“பொறு. ஒன்பது. இரண்டு.” முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கஞ்சியை வாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னார், “லிப்டெண்டா எனக்குச் சின்ன வயசிலயிருந்தே பயம். வகுப்பில சொல்லிப்போடாதை.”

“சொல்ல மாட்டேன் சேர்.”

மறுநாள் வகுப்பில், “றுஷ்னா, பதின்மூண்டெட்டு?” என்று கேட்டார்.

மறுபடியும் தலைக்குள் ஒன்றுமே இல்லை. சேரின் கை மேசைக்கு மேலே உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு சத்தமில்லாமல் இறங்கியது.

“சரி. பத்தெட்டு?”

“எண்பது.”

“மூவெட்டு?”

“இருபத்து நாலு.” றுஷ்னாவின் முகம் மலர்ந்தது. “நூற்று நாலு, சேர்.”

“ஓம்,” என்றார் சேர்.

பக்கத்திலிருந்த அர்ஷாத் அவள் காதருகே குனிந்தான். “சேருக்கு என்ன நடந்த?”

“எங்கட உம்மாட கஞ்சி குடிச்சாரு,” என்றாள் றுஷ்னா.