ஒன்பதாவது வண்டி

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும், டானன் சார். போட்டுட்டா அப்பாவை புத்தி தவறினவங்களைப் பூட்டி வைக்கிற விடுதியில சேர்த்துடுவாங்க" என்றாள் ரைன்ஹில்ட். எதிரே இருந்த காப்பியை அவள் தொடவே இல்லை.

டானன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாடியறையில் துப்பறியும் வேலை பார்ப்பவர். எதைக் கேட்டாலும் பதறாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்குக் கீழே உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருந்த ஒடிலோன் இருந்தார். படியில் புது ஆளின் காலடி கேட்டால் போதும், கொதிக்கிற எண்ணெயை மனைவியிடம் விட்டுவிட்டு மேலே வந்துவிடுவார்.

ரைன்ஹில்டின் அப்பா கோமாருக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கண் தெரியாது. அவள் தம்பி ஸ்டெய்ன், மணல் தடத்தில் பந்தய பைக் ஓட்டியவன், செப்டம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனான். இப்போது டிசம்பர்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்டெய்னோட வண்டி தடத்துல ஓடுதுங்கறாரு. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்கு எல்லாமே ஒரே இரைச்சல்தான். வண்டி எங்க கொட்டகையில பூட்டிக் கிடக்கு. அவருக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நீங்க சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"கொட்டகைச் சாவியை யாருக்காவது குடுத்தீங்களா?"

"பெட்ரோலை வடிச்சிடணும்னு வான்னஸ் ஒரு தடவை வாங்கினான். மெக்கானிக், தம்பியோட சிநேகிதன். ரெண்டு பேருக்கும் ஒரே மாடல் வண்டி."

அன்றே கொட்டகையைத் திறந்தார்கள். பைக்கின் மேல் போட்டிருந்த துணியை ஒடிலோன் ஒரு விரலால் விலக்கினார். டானன் குனிந்து, சைலன்சரின் அடிப்பக்கத்தை முன்னிருந்து பின்வரை உள்ளங்கையால் தடவினார். வழவழவென்று இருந்தது. டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை.

"பேய்க்குப் பெட்ரோல் எதுக்கு அண்ணே?" என்று ஒடிலோன் கிசுகிசுத்தார்.

கோமார் சமையலறையில் இருந்தார். மகனின் பேச்சை எடுத்ததும் அவர் முகம் தெளிந்தது.

"கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு வேற மாட்டணும்னான். வான்னஸ் கடையில ஆறு சைலன்சரை மாத்தி மாத்தி மாட்டி ஓடவிடச் சொன்னேன். எது வேகம் கூட்டும், எது எடை கம்மின்னு இவனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டானுங்க. நான் நாலாவதுதான்னேன். கூட்டத்துல என் பையனைத் தனியாக் காட்டற சத்தம் அது ஒண்ணுதான். அப்புறம் கல்லு பட்டு அடியில ஒடுக்கு விழுந்துடுச்சு. மாத்திடறேன்னான். விடுடா, இப்ப நீ எனக்கு இன்னும் நல்லாத் தெரியறேன்னேன்."

சனிக்கிழமை தடத்தை மூடுபனி மூடியிருந்தது. பைன் மரங்களின் அடி மட்டும் தெரிந்தது. வண்டிகள் எங்கிருந்தோ இரைந்துகொண்டு வந்து, வேலிக்கு அருகே மணலை வாரி இறைத்துவிட்டு, உருவம் தெரிவதற்குள் மறைந்தன. டானன் தடத்தின் வாசலில் வண்டி ஓட்டுபவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பட்டியலோடு கோமாரின் பக்கத்தில் நின்றார்.

"எத்தனை வண்டி ஓடுது?"

"ஒன்பது."

"பதிவேட்டுலயும் ஒன்பதுதானே" என்றார் ஒடிலோன். "அப்ப பேயும் கையெழுத்துப் போட்டுட்டா வருது?"

"யார் யாருன்னு சொல்லுங்க" என்றார் டானன்.

ஒவ்வொரு வண்டியும் கடக்கக் கடக்க கோமார் பெயர் சொன்னார். எட்டுப் பெயர்கள், எட்டும் பட்டியலில் இருந்தன. பிறகு அவர் பேச்சை நிறுத்தினார். அவருடைய முகம் இடமிருந்து வலமாக, யாரையோ கண்ணால் பின்தொடர்வதுபோல, மெல்லத் திரும்பியது. பனிக்குள் ஏதோ ஒன்று கரகரத்துக்கொண்டு போயிற்று.

"இது ஸ்டெய்ன்."

ரைன்ஹில்ட் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டானன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். ஓட்டம் முடிந்ததும் ஒன்பது பேரில் ஒருவனை மட்டும் வேலியருகே கூப்பிட்டார். வான்னஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"உங்கப்பா புத்தி நல்லாத்தான் இருக்கு" என்றார் டானன். "பேய் வந்திருந்தா பத்து வண்டி ஓடியிருக்கணும். ஓடினது ஒன்பது. அப்ப ஸ்டெய்னோட சத்தம் இந்த ஒன்பது பேர்ல ஒருத்தன்கிட்ட இருக்கு. இவர் எட்டுப் பேரைச் சொன்னாரு. பட்டியல்ல இருந்தும் இவர் சொல்லாத பேரு வான்னஸ் மட்டும்தான். கொட்டகை வண்டியில சைலன்சருக்கு அடியில ஒடுக்கே இல்ல. பெட்ரோல் வடிக்கச் சாவி வாங்கின அன்னைக்கு இவன் சைலன்சரை மாத்திட்டான். ஒரே மாடல், பொருந்திடும். குனிஞ்சு பாருங்க."

ஒடிலோன் மணலில் மண்டியிட்டுக் கையை விட்டார். "ஒடுக்கு இருக்கு அண்ணே."

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று ரைன்ஹில்ட் கேட்டாள்.

வான்னஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "ஸ்டெய்ன் போன மறுவாரம் மாமா வந்து இங்க நின்னாரு. வண்டிங்க போகுது, வருது. இவர் முகம் எந்தப் பக்கமும் திரும்பல. சும்மா நின்னுக்கிட்டே இருந்தாரு. என்னால அதைப் பார்க்க முடியல."

"முதல் வாரம் நான் நம்பிட்டேன்" என்றார் கோமார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. மூணாவது மேட்டுக்கு முன்னால என் பையன் எப்பவும் வேகத்தைக் குறைப்பான். வான்னஸ் குறைக்க மாட்டான்."

"தெரிஞ்சுமா ஸ்டெய்னு ஸ்டெய்னுன்னு சொன்னீங்க?" என்றாள் ரைன்ஹில்ட்.

"வான்னஸ் பேரைச் சொன்னா இவன் நிறுத்திடுவானே."

"அப்பா, உங்களை அங்க கொண்டுபோய்ப் பூட்டியிருப்பேன்."

"தெரியும்மா. அங்க கேட்டு வெச்சிருந்தேன். ஜன்னலைத் திறந்தா தடத்துச் சத்தம் கேக்குமாம்."

ரைன்ஹில்ட் அழுதுவிட்டாள். கோமார் கைகளால் தடவிக்கொண்டே போய் வண்டியின் கைப்பிடியைக் கண்டுபிடித்தார்.

"ஸ்டார்ட் பண்ணு வான்னஸ்."

அவன் உதைத்தான். ஒடுக்கு விழுந்த சைலன்சர் கரகரத்தது. கோமார் தலை சாய்த்து வெகு நேரம் கேட்டார். பிறகு அவருடைய கட்டைவிரல் கைப்பிடியில் இருந்த, எஞ்சினை அணைக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தியது. சத்தம் நின்றது.

"அடுத்த வாரம் உன்னோடதை மாட்டிட்டு வாடா. என் பையனை நான் இன்னிக்குத்தான் அனுப்பி வெச்சேன்" என்றார்.