பூட்டிய வீட்டு மீட்டர்

தையல்காரி மின்சார ஆபீசுக்கு வைத்திருந்த பாக்கி நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. அதைக் கேட்கத்தான் லைன்மேன் ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் முதன்முதலாக அந்தச் சந்துக்குள் போனான்.

ஆபீசில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளும் நெட்டை, தோளிலும் எந்நேரமும் ஏணி. அதனால் ஏணி என்றே ஆகிவிட்டது. கம்பம் ஏறி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. படியில் இறங்கும்போது கதவு கீல் மாதிரி சத்தம் போடும்.

சந்தின் கடைசி வீடு அது. முன்கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு. ஜன்னல்களை உள்ளேயிருந்து அட்டை வைத்து மறைத்திருந்தது. வாசற்படியில் ஒரு கால்தடம்கூட இல்லாத தூசி. பார்க்கிறவன் எவனும் ஆளில்லாத வீடு என்றுதான் சொல்வான். பக்கச் சுவரில், தகரப் பெட்டிக்குள் இருந்த மீட்டர் மட்டும் வேறு சொன்னது.

மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வீட்டுக்குள் கரண்ட் ஓடினால் அது சிமிட்டும். நிறைய ஓடினால் வேகமாகச் சிமிட்டும். இந்த விளக்கு படபடவென்று கொஞ்ச நேரம் சிமிட்டியது, பிறகு சும்மா இருந்தது. மறுபடி படபட. மறுபடி சும்மா.

தையல் மிஷின், என்று தனக்குள் சிரித்துக்கொண்டான் ஏணி. துணியைத் திருப்பும்போது நிற்கிறது, தைக்கும்போது ஓடுகிறது.

கொல்லைப் பக்கம் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தட்டினான். விளக்கு நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன.

"கரண்ட் ஆபீஸ்மா. பாக்கி நிக்குது."

"அண்ணே, மெதுவா பேசுங்க. ஒரு வாரம் டைம் குடுங்க. தைச்ச துணிக்குக் காசு வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்."

"வெளிய எதுக்கும்மா பூட்டு?"

அவள் சந்தின் பக்கம் பார்த்தாள். "வீட்டுக்காரர் தேடிக்கிட்டிருக்காரு. கையில கெடச்சேன்னா கொன்னுடுவாரு. நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லிட மாட்டீங்கல்ல?"

"என் வாயில இருந்து வராதும்மா," என்றான் ஏணி. சொன்ன நேரத்தில் மனசாரத்தான் சொன்னான்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆபீஸ் எதிரே இருந்த டீக்கடையில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல். மனைவி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றான்.

"சந்துல கடைசி வீடுன்னு ஒரு ஆள் சொன்னான். போய்ப் பார்த்தா பூட்டிக் கெடக்கு. வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னு ஒண்ணும் புரியலண்ணே. கரண்ட் வேலை பாக்கறவங்களுக்குத் தெரியாததா?"

ஏணி வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். ஆனால் கரண்ட் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாததா என்ற அந்த ஒரு வார்த்தை உள்ளே போய் இனித்தது. காலமெல்லாம் வெயிலில் காய்ந்தவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆபீசுக்குள் போனான். கேஷியரம்மா டீ குடிக்க வெளியே போயிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது அவள் கம்ப்யூட்டரில் மணிவாரியாக வரும். அதைத் திறக்கிற பாஸ்வேர்டு மறந்துவிடும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தாள். பியூனிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அது பழகின காகிதம். ஏணி பூட்டிய வீட்டின் கணக்கைத் திறந்து போனில் படம் எடுத்தான். பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, பொழுது சாய்ந்ததும் எழுந்து குதித்துக் குதித்து ஓடியது.

டீக்கடைக்குத் திரும்பிப் போனைத் திருப்பிக் காட்டினான்.

"மீட்டர் பொய் சொல்லாது தம்பி," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வந்தவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "கதவத் தட்டினா தெறக்க மாட்டா. அஞ்சு நிமிஷம் கரண்ட நிறுத்துனீங்கன்னா என்னாச்சுன்னு பாக்க மீட்டர் கிட்ட வருவா. நாலு வார்த்தை பேசிக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

பாக்கி இருக்கிற வீடு. ஃபியூஸைப் பிடுங்கினால் ஏன் என்று யாரும் கேட்க முடியாது. டீக்காசை அவன் கொடுத்தான். ஒரு பாக்கெட் சிகரெட்டும் வாங்கிக் கொடுத்தான்.

பொழுது மங்குகிற நேரத்தில் ஏணி சந்து முனைக் கம்பத்தில் ஏறினான். ஃபியூஸைப் பிடுங்கியதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிஷின் பாதித் தையலில் நின்றது. பின்கதவு திறந்தது. செருப்புச் சத்தம் சுவரோரமாக வந்தது. தகரப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

பிறகு அந்த மூடி மேல் எதுவோ மோதியது. மறுபடி மோதியது.

ஏணி இறங்கினான். ஏணியைத் தோளில் போட்டான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவளை மறுநாள் மீட்டருக்கு அடியில்தான் கண்டெடுத்தார்கள். புருஷன்காரன் ஊரைத் தாண்டுமுன் பிடிபட்டான். ஏணியை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாக்கிக்காகக் கரண்ட்டை நிறுத்தினான், அது அவன் வேலை. அவனும் தனக்குத்தானே அதையே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை. ஆபீசுக்குள் நுழைந்தவனைக் கேஷியரம்மா கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஏணி, சேதி தெரியுமா? அந்தத் தையல்காரி புருஷன் ஜெயில்ல செத்துட்டானாம். கம்பியைப் புடிச்சபடி நின்னிருக்கான், ரெண்டு உள்ளங்கையும் கருகிப் போச்சாம். ஷாக்குன்னு சொல்றாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த நேரம் ஜெயில் பூரா கரண்டே இல்ல."

ஏணி தோளிலிருந்த ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

"இன்னொரு கூத்தும் கேளு. அந்த வீட்டுப் பாக்கி ராத்திரியோட ராத்திரியா சரிபாதி கொறைஞ்சிருக்கு. ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தெட்டரை. ரிட்டர்ன் யூனிட்னு காட்டுது."

கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகள் மிச்சமான கரண்ட்டை லைனுக்குத் திருப்பி அனுப்பும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். அனுப்பினதைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் லைன்மேன்களுக்கு ரிட்டர்ன் என்றால் வேறு. மெயினை நிறுத்திவிட்டு, செத்த கம்பி என்று நம்பிக் கை வைப்பான். எதிர்முனையில் எந்த வீட்டிலிருந்தாவது ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி வரும். அப்படிப் போனவர்கள் ஏணியோடு வேலைக்குச் சேர்ந்ததிலேயே இரண்டு பேர்.

"ஃபியூஸ் புடுங்கின வீடும்மா அது. தகடும் கெடையாது. அங்கிருந்து என்ன ரிட்டர்ன் வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

சரிபாதி. ஒரு பாதி அடித்தவனுக்கு. மறுபாதி யாருக்கு என்று ஏணியிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் வைத்தான்.

"மீதிய நான் கட்டிடறேன். கணக்க மூடிடுங்க."

கேஷியரம்மா சிரித்தாள். "என்ன, திடீர்னு தர்மபிரபு ஆயிட்ட? முன்ன மாதிரி இல்லப்பா. இப்ப புது ரூல். ஒருத்தர் கணக்க இன்னொருத்தர் தொடவே கூடாது. கணக்குக்காரங்க போனுக்குக் கேள்வி போகும். அவங்க சரின்னு அழுத்தினாத்தான் பணம் ஏறும்."

"அனுப்பிப் பாருங்க."

"செத்தவ போனுக்கா?"

"அனுப்புங்கம்மா."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். பட்டனைத் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவள் குனிந்து படித்தாள்.

"கணக்குதாரர் மறுத்துவிட்டார்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எவன் கையிலயாவது அந்த போன் இருக்கும்," என்றாள் கேஷியரம்மா. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

அன்று வீட்டுக்குப் போனதும் ஏணியின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"யோவ், நம்ம மீட்டருக்கு என்ன கேடு? எல்லாத்தையும் அணைச்சிட்டேன், அது பாட்டுக்குச் சிமிட்டுது. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம லைன்ல கொக்கி போட்டிருக்கானா பாரு."

ஏணி பார்த்தான். படபட. சும்மா. படபட. சும்மா.

மெயினை இறக்கினான். ஃபியூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். விளக்கு சிமிட்டியது.

"ஊரான் வீட்டுக் கம்பத்துல குரங்கு மாதிரி ஏறுவ, சொந்த வீட்டு மீட்டரைப் பாத்து இந்த நடுக்கம் நடுங்குற," என்றாள் மனைவி. பிறகு மூக்கைச் சுளித்தாள். "என்னய்யா இது, மிஷின் எண்ணெய் வாசனை? நம்ம வீட்ல ஏது மிஷின்?"

மீட்டரே இல்லாவிட்டால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை. விடிய விடிய யோசித்து ஏணி வந்து சேர்ந்த இடம் அதுதான். காலையில் இன்ஜினியரிடம் போய் அந்தப் பூட்டிய வீட்டு மீட்டர் கெட்டுவிட்டது, கழற்றி வந்துவிடுகிறேன் என்றான். உச்சி வெயிலில் அந்தத் தெரு முழுக்கக் கரண்ட்டை நிறுத்த அனுமதி வாங்கினான்.

சந்து முழுக்க அப்படி ஓர் அமைதி. விசிறி இல்லை, மோட்டார் இல்லை, எந்த வீட்டிலும் பாட்டு இல்லை. வெயில் மட்டும் சுவர்களில் அறைந்துகொண்டிருந்தது. ஏணி எதையும் விடவில்லை. லைனை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தான். எர்த் கம்பியை மாட்டினான். கையுறை போட்டான். மறுபடி டெஸ்டரை வைத்தான். செத்த கம்பி. பூட்டிய வீட்டின் சுவரில் ஏணியைச் சாய்த்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் ஒயரை வெட்ட ஏறினான்.

நாலாவது படியில் அந்த வாசனை வந்தது. புதுத் துணி. கஞ்சி. எண்ணெய்.

காலுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

படபட.

உள்ளே, அட்டை வைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மிஷின் ஓடியது. அன்று பாதியில் நின்ற தையலை விட்ட இடத்திலிருந்து பிடித்ததுபோல் ஓடியது.

இறங்கிவிடலாம் என்று நினைத்தான். முழங்கால் மடங்கவில்லை.

மிஷின் நின்றது. பின்கதவு திறந்தது. செருப்புச் சத்தம் சுவரோரமாக வந்து, ஏணியின் அடியில் நின்றது. கீழே பார்க்கவே கூடாது என்று அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கையில் வெட்டுக்கத்தி, கத்தியின் வாயில் செத்த ஒயர்.

"யாருகிட்டயும் சொல்லலம்மா," என்றான் கிசுகிசுப்பாக. "என் வாயில இருந்து ஒரு வார்த்தை வரல."

பதில் கீழேயிருந்து வரவில்லை. காதோரத்தில் வந்தது, மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

"மீட்டர் பொய் சொல்லாதுண்ணே. வீட்ல ஆள் இருக்கேன்."

கரண்ட் வந்தது. லைனிலிருந்து இல்லை. வீட்டிலிருந்து.

விசாரணை முடிகிறவரை பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து கேஷியரம்மாவின் அறை அலமாரியில் வைத்தார்கள். ஒயர் எதுவும் இல்லாத வெறும் பெட்டி. எர்த் மாட்டியிருந்தும் ஏணி எப்படிச் செத்தான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கையுறையில் ஓட்டை இல்லை. உள்ளே இருந்த உள்ளங்கைகள் மட்டும் கருகியிருந்தன.

எல்லோரும் வீட்டுக்குப் போன மாலையில் கேஷியரம்மா பூட்டிய வீட்டின் கணக்கைத் திறந்தாள். ரிட்டர்ன் யூனிட் கழித்தது போகப் பாக்கி: பூஜ்யம். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீர்ந்தது என்று அழுத்தினால் கணக்கு மூடிக்கொள்ளும். அழுத்தப் போனவளின் கண்ணில் கடைசி வரி பட்டது. அந்தப் பெண் செத்த அன்று மத்தியானம் இந்தக் கணக்கை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர் என்ற இடத்தில் இருந்தது கேஷியரம்மாவின் பெயர்.

அந்த நேரம் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு தீர்ந்தது என்பதை அழுத்தினாள். கணக்கு மூடியது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழும் முழுசாக அடைந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால் அலமாரியில், சிவப்பாக ஏதோ சிமிட்டியது.

படபட. சும்மா. படபட.

அவள் திரும்பவில்லை. பாஸ்வேர்டு காகிதத்தைக் கிழித்தெடுத்து, மடித்து, வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

வெளிச்சம் நின்றது.

கொஞ்ச நேரம். நூல் கோக்கிற நேரம்.

பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.