நிற்கக் கூடாத பாலம்

கல்லூரி விட்டதும் மாணவர்கள் தாமிரபரணிப் பழம்பாலத்துக்கு நடக்க வந்துவிடுவார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, திரும்பி மறுபடி இந்தக் கரைக்கு. காதல், அரியர், சண்டை, சமாதானம் எல்லாம் நடந்தபடியேதான். பொன்மாரியின் கூட்டத்தில் ஐந்து பேர். முறுக்குப் பொட்டலம்கூட நடையோடு நடையாகத்தான் கை மாறும்.

நின்றால் போச்சு. பாலத்தின் கல்லுக்குள் அசைவுணரி பதித்திருக்கிறார்கள்; சென்சார் என்றால் எல்லோருக்கும் புரியும். நடை தளர்ந்தாலே கூவும். நின்றவருக்கு அந்த வருஷம் முழுக்கப் பாலத்தில் ஏற நடைச்சீட்டு கிடையாது, கூட நின்றவர்களுக்கும் கிடையாது. நிற்கிற கூட்டத்தின் பாரம் பழைய கல்லுக்கு ஆகாது என்கிறது மரபுக் காவல் வாரியம். அப்படியா? நடுப்பாலத்தில் வாரியமே நடத்தும் காப்பிக்கடையில் சுற்றுலா வந்தவர்கள் நாற்காலி போட்டுச் சாய்ந்து கிடக்கிறார்களே, அவர்கள் என்ன பஞ்சுமூட்டையா? கேட்க நாதியில்லை. கல்லூரிக்குள் கூடிப் பேசவும் தடை வந்துவிட்டதால், பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு இடமும் இல்லை.

அந்த ஐவரில் ஒருத்தியான ஜெசிந்தா அன்று வந்திருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, கணுக்காலில் தகடு வைத்தபின் அதுதான் முதல் நாள். ஊன்றுகோலைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். விட்டுப்போன கதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பொன்மாரி பார்த்தாள். அப்புறம்தான் காலைப் பார்த்தாள். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

முத்துவேலும் பார்த்தான். அசைவுணரி ஏற்கெனவே இரண்டு தடவை முனகியிருந்தது. குரலில் அக்கறையை நன்றாகவே குழைத்துக்கொண்டான் அவன்.

"ஜெசி, நீ இனிமே செரமப்பட்டு வரவேண்டாம். போன்ல பேசிக்கிடுவோம், என்ன?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பொன்மாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெசிந்தா கைப்பிடிச் சுவரில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, சற்றுத் தள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அசைவுணரி வீறிட்டது. முத்துவேலும் மற்றவர்களும் திரும்பிக்கூடப் பார்க்காமல் எட்டி நடை போட்டார்கள்.

"போங்கல, நல்லா போங்க," என்று பொன்மாரி தொண்டை கிழியக் கத்தினாள். "ஏ முத்துவேலு, காய்ச்சல்ல கெடந்தப்போ ஒன்னயத் தோள்ல தாங்கி இதே பாலத்துல நடத்திக்கிட்டுப் போனவ அவ. ஒருத்தராவது அவகூட நிக்கியளால?"

அத்தோடு விடவில்லை. வாரியத்தைத் திட்டினாள். காப்பிக்கடையைத் திட்டினாள். நாற்காலியில் இருந்தபடியே இதைப் படமெடுத்தவர்களின் வம்சத்தையே இழுத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஜெசிந்தா கழுத்தை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சரிதாம்ட்டி," என்றாள் கடைசியில். "நீயும் நடந்துக்கிட்டுத்தான கத்துத."

பொன்மாரி குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் ஜெசிந்தாவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன.