அக்குளில் ஒரு ஈர வட்டம்

வெள்ளிக்கிழமை காலை 7:15. பூட்டிய பீரோவுக்குள் திருட்டு நடந்திருந்தது. நகை அப்படியே இருந்தது, பத்திரங்கள் இருந்தன, வெளிர்நீலச் சட்டையும் வைத்த இடத்தில்தான் இருந்தது. காணாமல் போனது அதன் வாசனை மட்டும்.

சட்டைக்குரியவர் இறந்து ஐந்து மாதம். அவர் கடைசியாகக் கழற்றிப் போட்டதை மனைவி துவைக்கவில்லை. தினமும் காலையில் பீரோவைத் திறப்பார், அக்குள் பக்கம் முகத்தைப் புதைப்பார், ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பூட்டிவிடுவார். அதிகம் இழுத்தால் தீர்ந்துவிடுமோ என்று பயம். போட்டோ இருக்கிறது, கைப்பேசியில் குரல்கூட இருக்கிறது. வாசனைக்குத்தான் நகல் கிடையாது.

8:40. சலவைக்கடை. கடைக்காரியைத் தெருவே ‘கறையக்கா’ என்றுதான் கூப்பிடும். ஒரு கறையைக் காட்டினால் அது என்ன, எப்போது பட்டது, வீட்டில் யார் மறைக்கிறார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள். வாயும் கொஞ்சம் நீளம். அன்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“போலீஸுக்குப் போனா சிரிப்பாங்கக்கா. என் கொழுந்தன்தான் பண்ணியிருக்கான். ‘அந்தச் சட்டையத் தொவைச்சுப் போடுங்க அண்ணி’ன்னு ஒரு மாசமா நச்சரிப்பு. சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டுக் கெளம்பச் சொல்லிட்டேன்.”

“அவசரப்படாதேம்மா. மொதல்ல சட்டையப் பாப்போம்.”

கறையக்கா சட்டையைப் பலகையில் விரித்தாள். காலரில் பழைய அழுக்கு. பாக்கெட்டில் பேனா மை. மார்பின் குறுக்கே, தோளிலிருந்து இடுப்புவரை நாலு விரல் அகலத்துக்குக் கசங்கல். பிறகு உள்பக்கம் திருப்பினாள். அக்குளில் மட்டும் இன்னும் ஈரம், லேசான வினிகர் நெடி. நடுவில் பழைய மஞ்சள் கறை அப்படியே இருக்க, அதைச் சுற்றி வட்டமாக நனைந்திருந்தது.

“பீரோ சாவி?”

“என் கழுத்துலதான். குளிக்கும்போது மட்டும் ஆணியில மாட்டுவேன்.”

“எத்தனை வேளை குளிப்பே?”

“ரெண்டு. காலையில ஒண்ணு, வேலை முடிஞ்சு வந்து ஒண்ணு.”

“அவர் கடைசியா இதப் போட்டுக்கிட்டு எங்கயாவது போனாரா?”

“எங்க போறது? அன்னிக்குப் பூரா கட்டில்ல படுத்துக் கெடந்தார்.”

9:30. வீடு. கொழுந்தன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“நேத்து எங்க இருந்தீங்க?”

“ஆபீஸ். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தேன்.”

“எதுல போவீங்க?”

“பஸ்லதான். வண்டி ஓட்டத் தெரியாது. அண்ணன் எவ்வளவோ சொன்னான், எனக்குத்தான் பயம்.”

“சட்டையத் தொவைக்கச் சொன்னீங்களாமே?”

“அண்ணி அதப் பிடிச்சுக்கிட்டு அழறதப் பாக்க முடியல. சொன்னேன், வாஸ்தவம். ஆனா தொடல.”

அடுக்களையில் மகள் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“நேத்து வீட்லயாம்மா?”

“இல்ல. பதினோரு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். ஒரு மணிக்கெல்லாம் வந்துட்டேன்.”

“என்னாச்சு?”

“பாஸ்.”

“அம்மாகிட்ட சொல்லலியா?”

தட்டு கைநழுவியது. 

10:05. கறையக்கா எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

“தொவைக்கணும்னு எடுக்கறவங்க காலர்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. நாத்தம் போகணும்னா நேரா மஞ்சள் கறையப் போட்டுத் தேய்ப்பாங்க. இங்க அந்த மஞ்சளத் தொடவே இல்ல. பஞ்சை வினிகர்ல தொட்டுச் சுத்தி மட்டும் ஒத்தியிருக்கு. பழைய வேர்வை இருக்கணும், புதுசு மட்டும் போகணும்னு யாரோ பாடுபட்டிருக்காங்க. அப்ப புது வேர்வை எங்கேருந்து வந்துச்சு? நேத்து இந்தச் சட்டைய யாரோ போட்டிருக்காங்க.”

“யாரு?” என்றார் அம்மா.

“நீ அக்குளையே பாத்துக்கிட்டு மார்பக் கவனிக்கல. இந்தக் குறுக்குக் கசங்கல், கார் சீட் பெல்ட் அழுத்தினது. வேர்த்து ஊறின துணியிலதான் இப்படிப் பதியும். கட்டில்ல படுத்தவருக்கு பெல்ட் எதுக்கு? உன் கொழுந்தனுக்கு ஓட்டவே தெரியாது. நேத்து இந்த வீட்ல ஸ்டியரிங் பிடிச்சது ஒரே ஒருத்தி. நீ காலையில குளிக்கப் போனப்ப எடுத்திருக்கா, சாயங்காலம் குளிக்கப் போனப்ப திருப்பி வெச்சிருக்கா.”

மகள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு தடவை ஃபெயிலும்மா. அப்பாதான் பக்கத்துல உக்காந்து கத்துக்குடுத்தார். அதப் போட்டுக்கிட்டா அவர் கூட இருப்பார்னு நெனச்சேன். வண்டிய எடுக்கறவரைக்கும் இருந்தார்மா. அப்பறம் பயத்துல வேர்த்துக் கொட்டிச்சு. எறங்கி மோந்து பாத்தா நான்தான் இருந்தேன். என்னோடத மட்டும் எடுத்துடலாம்னு பாத்தேன். அவரும் சேந்து போயிட்டார்.”

 கறையக்காவுக்கு இதற்கு முன் எந்தக் கண்டுபிடிப்பும் இவ்வளவு கசந்ததில்லை.

அம்மா கொழுந்தனிடம் போய்ப் பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. கொழுந்தன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“கேட்டா குடுத்திருப்பியாம்மா?”

ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட மகளை அந்தப் பீரோவின் பக்கம் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

“மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.