பாதியில் நிற்கத் தெரிந்த கைப்பேசி

2058ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் ஆறாம் நாள், புதன்கிழமை. சாத்தூரில் காலை முதல் வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. இலை அசையாத அந்தப் புழுக்கத்தில், இறந்துபோன சீனிராசுவின் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலின் கீழ் அமர்ந்தோர் அனைவரும் தத்தம் கைப்பேசியில் இறந்தவரின் கடைசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு கைப்பேசியிலும் அவர் ஒவ்வொன்று பேசினார்.

இறந்தவரின் மகள் பூங்கோதை பந்தலுக்கு வெளியே, மின்கம்பத்தின் அருகில் நிறுத்தப்பட்டிருந்தாள். ஜெரால்டை மணந்துகொண்ட நாள் முதலாக அவள் இவ்வீட்டுப் படி ஏறியதில்லை. கணவனைத் தெருமுனையில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே: உடலை எடுக்கும் முன், பெற்றவரின் வாயில் ஒரு பிடி அரிசி இட வேண்டும். வாய்க்கரிசி இடும் உரிமை மகளுக்கு உண்டு. இறந்தவரே வேண்டாமென்று சொல்லிச் சென்றிருந்தால் மட்டுமே அதனை மறுக்க அண்ணன் வேல்மயிலால் இயலும்.

அவர் சொல்லித்தான் சென்றிருந்தார். என்ன சொன்னார் என்பதில்தான் வழக்கு.

முந்தைய நாள் சீனிராசு, மருத்துவமனையார் நோயாளிகளுக்கு இரவல் தரும் கைப்பேசி ஒன்றில் தம்மைப் பதிவுசெய்து, அக்காணொளியை மகனுக்கும் மகளுக்கும் அனுப்பினார். அனுப்பும்போதே தொடர்பு அறுந்தது. அன்றிரவு அவர் இறந்தார். படுக்கை காலியானதும் அக்கைப்பேசியின் பதிவுகள் வழக்கம்போல் துடைக்கப்பட்டன. எஞ்சியது அண்ணனும் தங்கையும் தரவிறக்கி வைத்திருந்த முறிந்த கோப்பு ஒன்றே. சுற்றத்தார் யாவரும் அதனையே அவர்களிடமிருந்து பெற்றிருந்தனர்.

அதனை வேல்மயிலின் கைப்பேசி இவ்வாறு காட்டியது: "ஏ வேலு... கோதைய வாசப்படி ஏத்தாத. நாஞ் செத்தாலும் அவ எம் மூஞ்சியில முழிக்கக் கூடாது."

பூங்கோதையின் கைப்பேசி வேறுவிதமாகக் காட்டியது: "ஏ வேலு... கோதைய வரச் சொல்லு. ஒரு பிடி அரிசி போட்டுட்டுப் போகட்டும், எந் தாயி."

இங்கு நிறைவி என்னும் உறுப்பைப் பற்றிக் கூறுதல் வேண்டும். அக்காலத்துக் கைப்பேசிகள் யாவற்றிலும் அது இருந்தது. முறிந்த காணொளியின் எஞ்சிய பகுதியை அது தானே ஆக்கி நிரப்பும். உதட்டசைவு, குரலின் தழுதழுப்பு, பின்னால் ஆடும் திரைச்சீலை, எதிலும் ஒட்டுத் தெரியாது. எதனைக் கொண்டு நிரப்பும்? கைப்பேசியை ஏந்தியவர் எதனை எதிர்பார்க்கிறாரோ அதனைக் கொண்டு நிரப்பும். எதிர்பார்த்தது வந்தால்தான் மனிதர் கடைசிவரை பார்ப்பர். தொடக்கத்தில், நிரப்பிய பகுதி ஓடும்போது திரையின் மூலையில் சிவப்புப் புள்ளியொன்று தெரிந்தது. புள்ளி கண்ணை உறுத்துகிறதென்று பயனர்கள் குறைகூறினர். புள்ளி நீக்கப்பட்டது. அதனை நீக்கிய பிரிவில்தான் பூங்கோதை பணியாற்றினாள்.

நிறைவி இருப்பதை ஊரறியும். கல்யாண வீடியோவிலும் கிரிக்கெட்டிலும் அது வேலை செய்வதாக மக்கள் நம்பினர். செத்தவர் வாயிலும் அது வேலை செய்யும் என்று மட்டும் ஒருவரும் எண்ணவில்லை.

"எனக்கும் அனுப்பியிருக்காரேண்ணே. வேண்டாதவளுக்கு எதுக்கு அனுப்புவாரு?" என்று பூங்கோதை கம்பத்தடியிலிருந்து கேட்டாள்.

"வராதன்னு சொல்லத்தான் அனுப்பியிருக்காரு" என்றான் வேல்மயில்.

பந்தலில் பாதிப்பேர் அவன் பக்கமும் மீதிப்பேர், சிறப்பாகப் பெண்கள், அவள் பக்கமும் தலையாட்டினர். இறந்தவரின் தம்பி பரமகுரு கையை ஊன்றி எழுந்தார்.

"ஒம் போனும் வேண்டாம், அவ போனும் வேண்டாம். புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாப்போம். புதுப் போனுக்கு யாரு மேலயும் பகை கிடையாதுல்லா?"

அனைவருக்கும் அது நியாயமாகப் பட்டது. பூங்கோதை வாய் திறக்குமுன், "வா தாயி" என்று அவளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார் பரமகுரு.

சிக்கந்தர் கைப்பேசியகத்தின் உரிமையாளர், கண்ணாடிப் பலகைமேல் மூன்று கைப்பேசிகளை வரிசையாக வைத்தார்.

"என்னத்துக்கு வேணும்?"

"வீடியோ ஓடணும் பாய். இறக்கி வச்ச வீடியோ. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்குன்னே செஞ்சது இது. திரை பெருசு, எந்த வகைக் கோப்பும் ஓடும், சார்ஜும் நின்னு பேசும்."

"அதெல்லாம் கிடக்கட்டும். நடுநிலையா இருக்குமா?"

சிக்கந்தர் சற்றே யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லண்ணே."

ஏந்துபவர் முகம் காட்டாமல் எக்கைப்பேசியும் விழிக்காது என்பது சட்டம். பரமகுரு முகம் காட்டினார். அவரைப் பற்றி அதுகாறும் சேர்ந்திருந்த பழக்கக் குறிப்புகள் அனைத்தும் ஒரு நொடியில் புதிய கைப்பேசிக்குள் இறங்கின. கோப்பு ஓடியது.

"ஏ வேலு... கோதைய பத்திப் பெறகு பேசிக்கிடலாம். மழைக்கு முந்தி என்னைய எடுத்துருங்க. பரமகுரு முட்டிவலிக்காரன், அவன ரொம்ப நேரம் நிக்க வைக்காதீக."

பரமகுருவின் கண்கள் கலங்கின. "சாகுற நேரத்துலயும் எம் முட்டிய நெனச்சிருக்காரு பாரு!"

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. "சித்தப்பா, அது அப்பா இல்ல. அது நீங்க."

"என்ன தாயி சொல்லுத? அண்ணன் கொரலு எனக்குத் தெரியாதா?"

அவள் நிறைவியைப் பற்றி விளக்கினாள். அவர் பாதி புரிந்துகொண்டு, "அப்ப பாய் மூஞ்சியக் காட்டட்டும். அவருக்கும் நமக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல" என்றார். சிக்கந்தர் இரண்டாவது கைப்பேசிக்கு முகம் காட்டினார். சீனிராசு மலர்ந்த முகத்தோடு பேசினார்: "ஏ வேலு... கோதைய வெறுங்கையோட அனுப்பிராத. வந்தவங்கள உக்கார வச்சு, குடிக்கக் கலர் வாங்கிக் குடு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சிக்கந்தர்தான் முதலில் தலைகுனிந்தார்.

"பாய், நிறைவி இல்லாத போன் ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டாள் பூங்கோதை.

"விக்கிறதுக்கு இல்லம்மா. கோப்பு பழுதா, போன் பழுதான்னு பாக்க நான் ஒண்ணு வச்சிருக்கேன். இதுல ஓடி நின்னுச்சுன்னா கோப்பு பழுது." அவர் இழுப்பறையிலிருந்து, விளிம்பு உடைந்த பழங்கைப்பேசி ஒன்றை எடுத்தார். முகம் கேட்கும் சட்டத்துக்கு முந்தியது அது.

கோப்பு ஓடியது. திரையில் சீனிராசு தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. இருமினார். எச்சிலை விழுங்கினார். "ஏ வேலு..." என்றார். நெடுநேரம் மூச்சு வாங்கினார். "கோதைய..." என்று கூறி வலக்கையின் ஒரு விரலை உயர்த்தினார். வாய் திறந்தபடியே படம் நின்றது.

"பெறகு?" என்றார் பரமகுரு.

"அவ்வளவுதாண்ணே."

"அவ்வளவுதான்னா?"

காலை முதல் எத்தனையோ முறை பார்த்த காணொளியில் தந்தையைப் பூங்கோதை இப்போதுதான் கண்டாள். மற்றக் கைப்பேசிகளில் இருமல் இல்லை, மூச்சு வாங்குதலும் இல்லை. நிறைவி அவற்றையும் துடைத்திருந்தது. உயர்ந்த அவ்விரல் அழைத்ததா, விலக்கியதா? அதனைச் சொல்ல இன்னும் ஒரு நொடி வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடி உலகில் எங்கும் இல்லை.

முகம் காட்டிய புதுக் கைப்பேசியைப் பரமகுரு விலைகொடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழங்கைப்பேசியை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பினர். வழியில் பரமகுரு குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லுதத கேளு. இந்த ஓட்டைப் போன காட்டாத. புதுப் போன் கிடைக்கலன்னு சொல்லிருவோம். ஒம் போன இன்னொரு தடவ சத்தமா போடு. பொம்பளைக அழுதுருவாளுக. பொம்பளைக அழுதா வேலு தாங்க மாட்டான். அரிசியப் போட்டுட்டுப் போயிரு."

அவர் கூறியது முற்றிலும் உண்மை. அவள் ஒன்றும் பேசாதிருந்தாலே போதும். எனினும், உயர்ந்து நின்ற அவ்விரலைக் கண்ட பின், அவ்வாயில் மீண்டும் தன் சொல்லைத் திணிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிறுவனத்தில் அதனைக் கூலிக்குச் செய்தவள்தான் அவள். தந்தைக்குச் செய்ய முடியவில்லை.

பந்தலின் ஓரத்தில் நின்று, பழங்கைப்பேசியை உயர்த்தி ஓடவிட்டாள். படம் நின்றது. கூட்டம் காத்திருந்தது.

"தட்டிப் பாரு" என்றார் ஒருவர்.

"இத எங்க பொறுக்கிட்டு வந்தா? தண்ணியில விழுந்த போனா?" என்றார் மற்றொருவர். சிலர் சிரித்தனர்.

"இதுதான் அப்பா பேசினது. இதுக்கு மேல அவர் பேசல" என்றாள் பூங்கோதை. "மிச்சத்த எல்லாம் போன்தான் பேசுது. அண்ணன் போனுக்கு அண்ணன் மனசு தெரியும், எம் போனுக்கு எம் மனசு தெரியும். இத செய்யிற எடத்துலதான் நான் வேல பாக்குறேன்."

வேல்மயில் எழுந்து வந்தான். இரவெல்லாம் அழுத கண்கள் அவனுக்கும் வீங்கியிருந்தன.

"அப்ப, ஒம் போன்ல வரச் சொன்னாருன்னியே, அது பொய்யா?"

"பொய்தான்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?"

"ஒன்னோடதும் பொய்தாண்ணே!"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அவளே ஒத்துக்கிட்டாளே, பெறகு என்ன?" என்றது. காலையில் அவளுக்காக அழுத பெரியம்மாவின் குரல் அது. "முழுசா பேசுதத விட்டுட்டு, அரையுங்கொறையுமா நிக்கிறத நம்பச் சொல்லுதா" என்று மற்றொருவர் முணுமுணுத்தார். பரமகுரு தம் புதிய கைப்பேசியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "சரி, மழைக்கு முந்தி எடுத்துருவோம்" என்றார்.

வாய்க்கரிசி இடப்பட்டது. மகன், மருமகள், உடன்பிறந்தார், பங்காளிகள், தெருவார் என ஒவ்வொருவராக உள்ளே சென்று வந்தனர். பூங்கோதை கம்பத்தடியில் நின்றாள். அமரர் ஊர்தி பின்னோக்கி வந்து வாசலில் நின்றது. கொட்டு முழங்கியது. தோள்களின்மேல் உயர்ந்து வந்த தந்தையின் முகத்தை, இடையில் நின்ற தலைகள் மறைத்தன.

ஊர்தியின் கதவு மூடப்பட்டபோது, வேறு செய்வதறியாது, அவள் தன் கைப்பேசியை எடுத்துக் கோப்பைத் தொட்டாள். பொய்யென்று அறிந்தே தொட்டாள். அவ்வொரு சொல்லை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போகலாமென்று தொட்டாள்.

சீனிராசு கனிந்த முகத்தோடு அவளைப் பார்த்தார். இருமவில்லை. மூச்சு வாங்கவில்லை.

"ஏ வேலு... கோதைய வர வேண்டாம்னு சொல்லிரு. எந் தாயி அவ, புரிஞ்சுக்கிடுவா."

ஊர்தி தெருமுனை திரும்பி மறைந்தது. அப்போது மாலை மணி நான்கு ஐம்பத்திரண்டு.