நீலச் சுருள்

மெஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை, அலாரம் அடிக்கவில்லை, திரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. துளையின் அடிவரை போய்வந்த வெட்டு டூல் விலகி நிற்க, இரும்புத் துண்டைக் கவ்விச் சுற்றிக்கொண்டிருந்த சக், யாரோ உள்ளங்கையை வைத்து அணைத்ததைப் போல மெல்ல மெல்ல ஓய்ந்தது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சூடு தணிக்கும் கூலண்ட் சொட்டுவது அருள்மொழிக்குத் தனியாகக் கேட்டது.

நின்ற இடம் அவளுக்குத் தெரியும். ஆழத் துளை குடைந்ததும் ஒரு நிறுத்தம் என்று ப்ரோகிராமில் முன்பு அவள்தான் எழுதியிருந்தாள். இரும்பு நீளம் நீளமாகச் சுருண்டு வந்து டூலைச் சுற்றிக்கொள்ளும். மெஷின் நிற்கும் அந்த நேரத்தில், அதை ஓட்டும் வேடியப்பன் கதவைத் திறந்து, கொக்கியால் சுருளை இழுத்துப் போட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவான். உற்பத்தி கம்மியாகிறது என்று சூப்பர்வைசர் காசிநாதன் அந்த வரியை அழித்தார். கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சுக்குள் ஒரு இரும்பு நாக்கைச் சொருகி ஏமாற்றினார். "ஓடும்போதே இழுத்துடுடா" என்றார். சுருள் கொக்கியைச் சுற்றியது. பிறகு கையை. பிறகு அவனை.

அது போன மாதம். அந்த வரி ப்ரோகிராமில் இப்போதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பீஸுக்கும் மெஷின் அங்கேதான் நிற்கிறது.

"இன்னா எஞ்சினியரம்மா, இன்னும் நோண்டிக்கினே இருக்க?" காசிநாதன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார். "நாளைக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனிக்காரங்க வராங்க. நிக்காம ஓடலன்னா மெஷினையே கழட்டி வித்துடுவாரு மொதலாளி."

"அலாரமே வரலைங்க. எதுக்கு நிக்குதுன்னு புரியல."

"காலேஜ்ல இத சொல்லித் தரலியா?"

"செத்தவன் குடிச்சிருந்தான்னு போலீசுல சொல்றதுக்குதான் சொல்லித் தரல. அத நீங்க யாரும் சொல்லிக் குடுக்காமயே கத்துக்கினீங்க."

அவர் முகம் சுருங்கியது. "வாய் ஜாஸ்தி ஒனக்கு. சங்கராபுரத்துல கல்யாணம், நான் கெளம்பறேன். சரி பண்ணிட்டு வூட்டுக்குப் போ."

வண்டிச் சத்தம் மழைக்குள் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேறு ஆளில்லை. கதவு சுவிட்சைப் பார்த்தாள். அந்த இரும்பு நாக்கு இன்னும் அதே இடத்தில் சொருகியிருந்தது. ஒரு உயிர் போன பிறகும் அதைப் பிடுங்கிப்போட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

வேடியப்பன் மலைக்காரன். தை பிறந்ததும் கல்யாணம் என்பது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மலையில் அவனைப் புதைத்த அன்று, வேனில் போன வேலையாட்களோடு அவளும் கடைசி வரிசையில் நின்றாள். அழ உரிமையில்லை. அவன் அம்மா இருசம்மாள் அழுது வீங்கிய கண்ணோடு வந்து, "ஆபீஸ் பொண்ணா கண்ணு? பசியோட போவாத, ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றாள். அந்தச் சோறு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். டூல் நகரும் வேகத்தை மாற்றும் ஃபீட் குமிழ் பூஜ்ஜியத்தில் இல்லை. ஒவ்வொரு வரியாக ஓட்டும் சுவிட்ச் அணைந்திருந்தது. ஆயில் இருந்தது. சக்கின் அழுத்தம் சரி. ப்ரோகிராமை மொத்தமாக அழித்து, முதலிலிருந்து அடித்து ஓட்டினாள். நின்றது. பீஸைக் கழற்றிவிட்டு வெறுங்காற்றில் ஓட்டினாள்.

நிற்கவில்லை.

மறுபடி பீஸை மாட்டினாள். நின்றது.

சுருள் வந்தால்தான் நிற்கிறது.

பயத்திலும் கை தன் படிப்பை மறக்கவில்லை. சுருள்தான் காரணமென்றால் சுருளே வரக் கூடாது. அதைத் துண்டு துண்டாக ஒடிக்கும் இன்செர்ட்டை வாங்கித் தாருங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். அவன் செத்த பிறகு வாங்கி வைத்திருந்தார்கள். டூலின் நுனியில் அதை மாட்டி, ஃபீடைக் கொஞ்சம் கூட்டி, பொத்தானை அழுத்தினாள். இரும்பு கடுகு பொரிவதைப் போலத் தெறித்து விழுந்தது. டூல் உள்ளே போனது, வந்தது, அடுத்த வேலைக்கு நகர்ந்தது. பீஸ் முடிந்தது. எங்கும் நிற்கவில்லை.

சரியாகிவிட்டது. இவ்வளவுதான். இதை முன்பே மாட்டியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

கிளம்பிப் போயிருக்கலாம். பையைக்கூட எடுத்துவிட்டாள். நாளை முதல் இந்த மெஷின் நிற்காது. யாருக்காகவும். கதவருகே போனவள் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்து புது இன்செர்ட்டைக் கழற்றினாள். பழையதை மாட்டினாள்.

மெஷின் குடைந்தது. சூட்டில் நீலம் பாய்ந்த சுருள் நெளிந்து வந்தது. அந்த நீலத்தில் ஒரு துண்டை வேடியப்பன் மோதிரமாக வளைத்து அவள் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போவான். "போட்டுக்காத அருளு, அறுத்துரும். பாத்துக்கினு மட்டும் இரு."

டூல் விலகியது. சக் ஓய்ந்தது.

கண்ணாடியில் கூலண்ட் வழிந்துகொண்டிருந்தது. அதில் உள்பக்கமாக நான்கு விரல்கள் இழுத்த தடம்.

"வேடி?"

சொட்டு. சொட்டு.

கதவைத் திறந்தாள். எண்ணெய் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, கழுவிக் கழுவியும் போகாதது.

சுருள் டூலில் இல்லை. அந்தரத்தில் இருந்தது. சுற்றிச் சுற்றி, எதையோ இறுகப் பிடித்து, நடுவில் ஒன்றுமில்லாமல். முழங்கை. மணிக்கட்டு. உள்ளங்கை. ஐந்து விரல்கள். வெற்றிடத்துக்கு நீல இரும்பால் தைத்த சட்டை போல ஒரு கை.

விரல்கள் மெல்ல விரிந்தன.

மெஷினை அடியோடு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தன் கையை உள்ளே நீட்டினாள்.

அந்தக் கை ஒவ்வொரு விரலாக மூடியது. பதமாக, அறுக்கும் என்று தெரிந்தவன் பிடிப்பதைப் போல. மணிக்கட்டில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

அவளுக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில், பச்சைப் பொத்தான் உள்ளே அமுங்கியது.